நூலும் நூலும்: மதுரையில் ஐந்து நாள்

முதல் நாள்

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை சந்திப்பில் இறங்கினேன். ஐந்து நாள் விடுப்பு. பையில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம். சென்னையில் விடுதி அறையில் வாங்கி அடுக்கி, பிரிக்காமலே கிடந்தவை. இந்த ஐந்து நாளில் ஊரைப் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், அன்றன்று நினைத்ததை அன்றன்றே எழுதிவிட வேண்டும்.

நிலையத்துக்கு எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். பச்சைக் குழந்தையாக இருந்த பேரனுக்காக 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி. சாலை போட்டவர், சத்திரம் கட்டியவர் என்று பள்ளியில் இரண்டு வரி படித்தோம். இரண்டு வரிதான். திருமலை நாயக்கருக்கு ஒரு பாடமே இருந்தது.

அத்தை வீடு முனிச்சாலைப் பக்கம், சந்துக்குள் லைன் வீடு. நான் போனபோது அத்தை குடம் வரிசை போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வருகிற நாள். "வா பாப்பா, கையக் கால கழுவிட்டு அந்தப் பக்கக் குடத்தப் பிடி" என்றார். பயணம் அப்படித்தான் தொடங்கியது.

இன்று ஆவணி மூலத் திருவிழாவின் ஏழாம் நாள். மாலையில் கோயிலில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். சித்திரையில் முடிசூடிய மீனாட்சி ஆடி வரை ஆண்டுவிட்டு, ஆவணியில் செங்கோலைச் சுவாமியிடம் கொடுக்கிறாள். அங்கிருந்து பங்குனி வரை அவர் ஆட்சி. கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று பார்த்தோம். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும்தான். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

யார் வீட்டிலாவது பெண்ணின் சொல் எடுபட்டால் "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பது நம் வழக்கம். மதுரை என்றால் அம்மன் ஆட்சி. அந்த மதுரையிலேயே அவளுக்குப் பன்னிரண்டில் நான்கு மாதம். மூன்றில் ஒரு பங்கு. நாடாளுமன்றத்தில் 1996-இல் முதன்முதலாகக் கொண்டுவந்து, 2023 செப்டம்பரில் ஒருவழியாக நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்திலும் அதே மூன்றில் ஒரு பங்கு. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. இவ்வளவு ஒருமனதாக நிறைவேற்றிய சட்டத்திலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று எழுதியும் வைத்தார்கள். செங்கோல் உனக்குத்தான், ஆனால் இப்போது இல்லை.

திரும்பி நடக்கும்போது இதை அத்தையிடம் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எட்டு மாசமும் அவதான் ஆளுறா. அவரு பேருக்கு உக்காந்திருக்காரு" என்றார். அத்தையின் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: பின்னால் இருந்து ஆள்வது ஆட்சி இல்லை. உழைப்பு அவளுடையது, பெயர் அவருடையது என்பதற்கு நாம் வைத்துக்கொண்ட ஆறுதல் பெயர் அது. எங்கள் ஊரில் பெண் கவுன்சிலரை அழைத்தால் எடுப்பது அவர் கணவர். அங்கே இதே வாசகத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள்

புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. 2023 ஜூலை 15 அன்று திறந்தது. "நீங்களும் வாங்கத்தே" என்றேன். "சோத்த யாரு வடிக்கிறது? நீ போயிட்டு வா" என்றார்.

டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாத டிக்கெட்டைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதம் இந்தத் திட்டம் வந்தபோது அலுவலகத்தில் ஒருவர் "ஓசி" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா, முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள், கடைசி வரிசையில் மருத்துவமனைச் சீட்டைக் கையில் பிடித்த பாட்டி. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க, யாரிடமும் பத்து ரூபாய்க்குக் கை நீட்டவோ காரணம் சொல்லவோ வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய காரியம்! பஸ் காசு கேட்டால் "எங்க போற?" என்ற கேள்வி கூடவே வரும். அந்தக் கேள்வியை இந்தச் சீட்டு இல்லாமல் ஆக்கிவிட்டது. என் அம்மாவின் இருபது வயதில் இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

நூலகம் மாடி மாடியாக விரிகிறது. குழந்தைகள் பகுதியில் சத்தம், மேலே போகப் போக அமைதி. கூட்டம் எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம்தான். பெண்கள் நிறைய. ஒவ்வொருத்தி முன்னாலும் தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, வண்ணக் கோடு போட்ட நோட்டு. மதியம் சாப்பிடும் இடத்தில் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். மேலூர்ப் பக்கம், கல்லூரி மூன்றாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் அது. அந்தப் பணத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "போனுக்கு நெட்டு, பழைய கைடு, மிச்சம் இருந்தா அம்மாட்ட கொடுப்பேன்க்கா. ஆனா என் அக்கவுன்ட்ல வருதுல்ல, அதான் முக்கியம்" என்றாள்.

"கதைப் புத்தகம் படிப்பியா?"

"வேலை கிடைச்சப்புறம் படிக்கணும்க்கா. இப்ப படிச்சா டைம் வேஸ்ட்னு தோணுது."

அந்தப் பதில் என்னை மதியம் முழுக்க விடவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? அவளுக்கு ஒரு வருடம் தள்ளிப்போனால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். படிப்பு அவளுக்குத் தப்பிக்கும் வழி. ஆனால் தப்பிப்பதற்காக இல்லாமல், சும்மா, தனக்கே தனக்கென்று ஒரு பெண் படிப்பதற்கு நம் வீடுகளில் இன்னும் இடம் வரவில்லை. தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால் காபி போட்டுக் கொடுப்பார்கள். நாவலோடு சாய்ந்து கிடந்தால் "வேலை வெட்டி இல்லையா?" என்பார்கள். பெண்ணியம் என்ற சொல்லை நான் கட்டுரைகளில் படித்தேன். என் வாழ்க்கையில் அதன் பொருள் இவ்வளவுதான்: யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம்.

ராத்திரி அத்தை வீட்டில் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை காலை நாலரைக்கு எழுந்தார். மாமா ஆறரைக்கு. இரவு பத்தே காலுக்கு அத்தை உட்கார்ந்தார், அதுவும் மறுநாள் கீரையை ஆய்ந்துகொண்டே. 2024-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு ஒரு நாளில் 289 நிமிடம் அதில் போகிறது, ஆண்களுக்கு 88 நிமிடம் என்கிறது. அத்தை அந்த 289-ஐ மதியத்துக்கு முன்பே தாண்டியிருப்பார்.

மூன்றாம் நாள்

இன்று புட்டுக்கு மண் சுமந்த லீலை. ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு அத்தையே கூட்டிப் போனார். சாமி விஷயம் என்றால் சோறு காத்திருக்கும். வெயில், கூட்டம், உதிர்ந்த புட்டு பொட்டலத்தில். வைகை பக்கத்தில்தான், தண்ணீர் ஒரு ஓரமாக.

கதை தெரிந்ததுதான். வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு அனுப்ப ஆளில்லை. சிவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வேலை செய்யாமல் தூங்கி, பிரம்படி பட்டார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. சின்ன வயதில் எனக்கு அந்த அடிதான் கதை. இன்று அந்தப் பாட்டிதான் கதையாகத் தெரிந்தாள். ஆணையில் "வீட்டுக்கு ஓர் ஆள்" என்று எழுதியவனுக்கு, ஆள் இல்லாத வீடும் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்றும் விண்ணப்பப் படிவத்தில் "தந்தை / கணவர் பெயர்" என்ற கோடு இருக்கிறது. தனியாக வாழும் என் தோழி ஒருத்தி ஓர் அலுவலகத்தில் அந்தக் கோட்டை நிரப்பாமல் கொடுத்து, மூன்று முறை திரும்பி வந்தாள். சாமி அவளுக்காகக் கூடை தூக்கவில்லை.

நான்காம் நாள்

கீழடி. சிலைமான் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, விலக்கில் இறங்கி, மிச்சத்தை நடந்தேன். தென்னந்தோப்பு, காற்று, தூரத்தில் செட்டிநாட்டு வீடு மாதிரி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது.

தங்க அணிகளும் தாயக்கட்டையும் இருக்கும் இடத்தில் கூட்டம். பாண்டி ஆட்டத்துக்கான வட்டச்சில்லு ஒன்றைப் பார்த்து ஒரு குட்டிப் பெண் "எங்க தெருவுலயும் இருக்கு" என்று கத்தினாள். எனக்கும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வந்தது. பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகள்: "ஆதன்", "குவிரன் ஆதன்". 2018 அகழாய்வில் மட்டும் 56 எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆகவே குயவர் மட்டுமல்ல, வாங்கிப் புழங்கியவர்களும் கீறியிருக்கலாம் என்கிறார்கள். புழங்கியவர்கள் என்றால் பானையைப் புழங்கியவர் யார்? அடுப்படியில் நின்றவர் யார்? அந்தக் கீறல்களில் ஒன்றாவது ஒரு பெண்ணின் கை என்று நம்ப எனக்கு ஆசை. சான்று கேட்டால் என்னிடம் இல்லை, ஆசைதான் இருக்கிறது.

என்னை நிறுத்தியது வேறொரு பொருள். தக்களி. சுட்ட மண்ணில் செய்த சின்னஞ்சிறு வட்டு, நடுவில் துளை. அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு இழையாக இறங்கும். பக்கத்தில் கூர்மையான எலும்பு முனை, நூலில் தொங்கவிடும் கல், செம்பு ஊசி. கரிமப் பகுப்பாய்வில் இந்த ஊரின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது. துளையின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. விளக்கின் நிழலாகவும் இருக்கலாம். கண்ணாடியில் நெற்றி முட்டுகிற அளவு குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நூற்றவர்கள் யார் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. நற்றிணை 353-இல் கபிலர் மலை மேல் தவழும் மழைமேகத்துக்கு உவமை சொல்கிறார்: "ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்குநுண் பனுவல்." ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற மெல்லிய நூல். நேற்று வந்தி, இன்று இவர்கள். ஆளில்லாத பெண் அன்றும் நூற்றுத்தான் பிழைத்தாள்.

அந்தப் "பனுவல்" என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். இழைக்கும் பனுவல், பாட்டுக்கும் பனுவல். நூல் என்றாலும் அப்படித்தான். பதினொன்றாம் வகுப்பில் நன்னூல் சூத்திரம் ஒன்றை மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் வாங்கி, மறந்துபோனேன். கீழடி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது அது முழுசாக வாயில் வந்தது:

பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச்
செஞ்சொற் புலவனே சேயிழையா - எஞ்சாத
கையேவா யாகக் கதிரே மதியாக
மையிலா நூல்முடியு மாறு.

சொல்தான் பஞ்சு. செய்யுள் இழை. வாய் கை. அறிவு கதிர், அதாவது நூல் சுற்றும் கோல். புலவன்? அவன் சேயிழை. நூற்கும் பெண். இலக்கணம் எழுதியவருக்கு ஒரு புத்தகம் எப்படி உருவாகிறது என்று விளக்க, திண்ணையில் கதிர் சுற்றும் பெண்ணைத் தவிர நல்ல உவமை கிடைக்கவில்லை. அவள் கையை அத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறார். அவளைப் பார்த்துப் புலவனைப் புரிந்துகொண்டவர்கள், அவள் கையில் ஏட்டைக் கொடுத்தார்களா? ஔவையும் வெள்ளிவீதியும் பாடினார்கள், உண்மைதான். நாலைந்து பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியே மற்ற எல்லாருடைய மௌனத்தையும் மறைத்துவிடுகிறோம். எனக்குக் கோபம் வந்தது. அதே நேரம் ஒரு சொந்தமும் வந்தது. நூல் என்ற சொல் எங்கள் கையிலிருந்து போனது. திரும்பக் கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

இந்த மண்ணின் நூலுக்கும் ஓர் இழுபறி நடக்கிறது. முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் தன் காலக்கணிப்பில் உறுதியாக நின்றார். மண்ணுக்கடியில் கிடந்தது வெளியே வந்த பிறகும், அதை யார் சொல்லலாம் என்ற சண்டை ஓயவில்லை. பெண்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது நடப்பதும் இதுதான். "திருத்தி எழுதிக்கொண்டு வா."

வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிட்டது. சந்து முனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இதமாக இறங்கியது. வாசலில் பக்கத்து வீட்டு சௌராஷ்டிர அக்கா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாளாகப் பார்க்கிறேன், இன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். மடியில் வெள்ளைத் துணி. புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்குகிறார். கடுகு மாதிரி ஒரு மொட்டு எழும்புகிறது. அதன் கழுத்தில் நூல் மூன்று சுற்று, ஓர் இழுப்பு, அடுத்த புள்ளி. நூலை அறுப்பதே இல்லை. சாயத்தில் முக்கிய பிறகு முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கையால் கட்டியது என்றால் வெள்ளையின் நடுவில் ஊசிமுனை அளவு சாயம் ஏறியிருக்கும் என்றார். அதுதான் அடையாளமாம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அக்காவுக்குக் கூலி முடிச்சுக் கணக்கில்தான்.

"கண்ணு போயிரும்மா. ராத்திரி பேப்பர்கூடப் படிக்க முடியல. எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியுது."

நான் என்ன சொல்வது? அக்காவின் நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் ஒரு பள்ளம், நூல் போட்ட கோடு.

ஐந்தாம் நாள்

இன்று அத்தை நூலகத்துக்கு வந்தார். நான் காலையில் சோறும் ரசமும் வைத்துவிட்டேன், மாமாவிடம் சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் "மருமகளோட லைப்ரரி போறேன்" என்று இரண்டு முறை சொன்னார். நான் அண்ணன் மகள், எப்போதும் மருமகள்தான்.

தமிழ் நூல் அடுக்குகளுக்கு நடுவில் அத்தை சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். கல்யாணத்துக்கு முன் ஊரில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாராம். நான்கு வீட்டுக்கு ஒரு பிரதி, அத்தை கைக்கு வர ஞாயிற்றுக்கிழமை ஆகும். கதாநாயகி வீட்டை விட்டு ரயிலேறி வடக்கே போகிற அத்தியாயத்தில் அத்தைக்கு முகூர்த்தம் வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு பத்திரிகை வாங்கித் தரச்சொல்லிக் கேட்கக் கூச்சம். முப்பத்தொரு வருடம் ஆயிற்று. "அவ என்ன ஆனான்னு தெரியாது பாப்பா. நல்லாருந்தாளா, திரும்பி வந்துட்டாளான்னு அப்பப்ப நெனப்பேன். அடுப்புல கெடக்கும்போது நெனப்பேன்."

தலைப்பு நினைவில்லை. எழுதியவர் பெயரும் இல்லை. நூலக ஊழியர் பொறுமையாகக் கேட்டு, கணினியில் சில பெயர்களைப் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. வேறொரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அத்தை உதடு அசைத்துப் படித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் பக்கம் வேகமாகத் திரும்பியது. ஐம்பது நிமிடம். நான் எதிரில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தையைத்தான் பார்த்தேன். நெற்றிச் சுருக்கம் போய்விட்டிருந்தது.

ராத்திரி ரயில். திண்டுக்கல்லில் நின்றபோது நடைமேடையில் வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக நின்றார்கள். முடியில் பஞ்சுத் துணுக்கு. இந்தச் சுற்றுவட்டாரம் நூற்பாலைகளால் நிறைந்தது. 2021 ஜனவரியில் இங்கே ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள், அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். அவளோடு வேலை பார்த்தவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கவும் புகார் சொல்லவும் தொழிலாளர்களுக்கே இடம் கொடுக்கும் ஒப்பந்தம். அதுவும் ஒரு நூல்தான். நூற்றவர்களே எழுத வைத்த நூல்.

ரயில் கிளம்பும்போது போன் அடித்தது. அத்தை.

"பாப்பா, ஒன்னு ஞாபகம் வந்துருச்சு. அந்தக் கதைக்குப் படம் போட்டிருப்பாக. அவ ஜன்னலோரம் உக்காந்து மடியில பேப்பர வச்சு எழுதிக்கிட்டிருப்பா. பக்கத்துல ஒரு பச்சைப் பெட்டி. மெட்ராஸ்ல பெரிய லைப்ரரி எல்லாம் இருக்குமே, பழைய புஸ்தகமெல்லாம் வச்சிருப்பாகளே. பச்சைப் பெட்டின்னு சொல்லிக் கேளு."

கேட்கிறேன் அத்தை என்றேன். இதைப் படிக்கிற யாருக்காவது அந்தப் படம் நினைவிருந்தால் சொல்லுங்கள்.